பச்சோந்தி இருந்த மூன்று வாரம்

எங்கள் வீட்டில் மூன்று வாரம் ஒரு பச்சோந்தி இருந்தது. கொண்டுவந்தவர் அப்பா. அப்போது அப்பா எங்களோடு இருக்கவில்லை.

எனக்குப் பத்து வயது. அம்மாவும் நானும் கொரட்டூரில், ஏரிக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், மாடி போர்ஷனில் குடியிருந்தோம். அம்மாவுக்கு மண்ணூர்பேட்டையில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. அப்பா பொக்லைன் ஓட்டுபவர். நூம்பல் பக்கம் வயலும் புதருமாகக் கிடந்த இடங்களையெல்லாம் அப்போது மனை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவற்றைச் சமன்படுத்தும் வேலை அப்பாவுக்கு. "அப்பாவுக்கு அங்கதான் வேலை, அதான் அங்கியே ரூம் எடுத்துத் தங்கிக்கிறாரு" என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் நம்பினேன். கொரட்டூரிலிருந்து நூம்பலுக்கு பைக்கில் அரைமணி நேரம்கூட ஆகாது என்பது, வளர்ந்து நானே வண்டி ஓட்டப் பழகிய பிறகுதான் தெரிந்தது. அந்த வயதில் நூம்பல் எனக்கு வெளிநாடு மாதிரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வருவார். கேட்டுக்கு வெளியே நின்று இரண்டு முறை ஹாரன் அடிப்பார். நான் இறங்கி ஓடுவேன். பேக்கரியில் ஒரு முட்டை பப்ஸ், ஏரிக்கரையில் ஒரு சுற்று, மறுபடியும் கேட். அப்பா மாடிப்படி ஏற மாட்டார். அம்மா படியிறங்கி வர மாட்டாள். இரண்டு பேருக்கும் நடுவே பதினேழு படிகள். அவற்றை ஏறி இறங்கும் வேலை எனக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாரன் சத்தம் கேட்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா ஒயர் கூடை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே வந்து நின்றார். கூடைமேல் ஈரத்துண்டு போர்த்தியிருந்தது. துண்டை விலக்கினார். உள்ளே ஒரு வேப்பங்கொத்தைப் பிடித்துக்கொண்டு பச்சோந்தி உட்கார்ந்திருந்தது. ஒரு கண் என்னைப் பார்த்தது. இன்னொரு கண் அம்மாவைப் பார்த்தது.

"இன்னா இது?" என்றாள் அம்மா, கதவைப் பிடித்தபடி.

"புதரை வாரறப்போ மண்ணோட வந்துடுச்சி. முன்னங்கால்ல அடி. அப்படியே வுட்டா காக்கா தூக்கினு பூடும்."

"அதுக்கு இங்க இட்டாந்தீங்களா?"

"ஒரு வாரம். கால் சரியானதும் எங்கனா மரத்துல வுட்டுறலாம். என் ரூமுல வெயிலும் கெடையாது, செடியும் கெடையாது."

பல மாதங்களுக்குப் பிறகு அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுதான். அம்மா கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடித்தால் விஷம் என்றாள். விஷமெல்லாம் இல்லை, பயந்தால் வாயைத் திறந்து சீறும், அவ்வளவுதான் என்றார் அப்பா. கடைசியில் அம்மா சம்மதித்தாள், இரண்டு நிபந்தனைகளோடு: பச்சோந்தி வீட்டுக்குள் வரக் கூடாது, அதை அவள் தொட மாட்டாள்.

"அப்ப தெனமும் யாரு பாக்கறதாம்?"

"நான் வந்து பாத்துக்கறேன்" என்றார் அப்பா.

எங்கள் பால்கனியில் பழைய பெயின்ட் டப்பாக்களில் அம்மா செடி வளர்த்தாள். அதில் பெரிய செம்பருத்தியைச் சுற்றி நாலு குச்சி நட்டு, கொசுவலையைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார் அப்பா. காலில் மஞ்சள் குழைத்துத் தடவினார். ஒரு கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைத்தார். பச்சோந்தி காயம்பட்ட காலை மட்டும் தூக்கிவைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடி ஆடி ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் இலை எது, அது எது என்று தெரியவில்லை. நான் வலையில் மூக்கை ஒட்டிக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் வேலை முடிந்து அப்பா உண்மையாகவே வந்தார். கையில் தண்ணீர் பாட்டில். உள்ளே ஏழெட்டு வெட்டுக்கிளிகள் துள்ளிக்கொண்டிருந்தன. அதற்கு மறுநாளும் வந்தார். தினம் ஆறு மணிக்கு, சட்டையெல்லாம் செம்மண்ணோடு, பாட்டிலை ஆட்டிக்கொண்டே படியேறுவார். வலைக்குள் வெட்டுக்கிளியை விட்டதும் பச்சோந்தியின் இரண்டு கண்களும் மெதுவாக ஒரே பக்கம் திரும்பும். வாய் கொஞ்சம் திறக்கும். அடுத்த நொடி வெட்டுக்கிளி இருக்காது. ஒவ்வொரு முறையும் நானும் அப்பாவும் ஒன்றாகச் சிரிப்போம்.

முதல் இரண்டு நாள் அப்பா இருக்கும்போது அம்மா பால்கனிப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் ஒரு டம்ளர் டீ கொடுத்தனுப்பினாள். நாலாம் நாள் டீயை அவளே கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, "ஆறிடும்" என்று பொதுவாகச் சொன்னாள். அடுத்த வாரத் தொடக்கத்தில், "தின்னுச்சா?" என்று கேட்க ஆரம்பித்தாள். "ரெண்டு தின்னுச்சி" என்பார் அப்பா. "கால ஊனுது போலக்கீதே" என்பாள். "ம், பரவால்ல" என்பார். அவர்கள் வேறு எதையும் பேசவில்லை. பச்சோந்தியைத் தவிர அவர்களுக்குப் பேச ஒன்றுமில்லை. ஆனால் பச்சோந்தியைப் பற்றி எவ்வளவு பேசலாம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாள் பேச்சு நீண்டு தோசை வேளையாகிவிட்டது. அப்பா பால்கனியிலேயே சம்மணமிட்டு நாலு தோசை சாப்பிட்டார். அம்மா ஐந்தாவதை ஊற்றிக்கொண்டே, "மெலிஞ்சிட்டாப்ல கீது" என்றாள். பச்சோந்தியைச் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

பத்தாம் நாள் பச்சோந்தி நாலு காலையும் ஊன்றி நடந்தது. அப்பா அதைக் கையில் ஏறவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா புடிக்குது. வர ஞாயித்துக்கெழம வுட்டுறலாம்" என்றார்.

அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பச்சோந்தி போய்விட்டால் ஆறு மணி என்ன ஆகும்? மறுபடி ஹாரன், பப்ஸ், கேட். அன்று இரவு ஒரு முடிவுக்கு வந்தேன். பச்சோந்திக்கு உடம்பு சரியாகக் கூடாது.

அதற்குக் கெடுதல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தேன். நாலு மணிக்கு ஸ்கூல் விட்டு வந்ததும் பின்னால் இருந்த காலி மனைக்கு ஓடுவேன். அகப்பட்ட வெட்டுக்கிளிகளையெல்லாம் பிடித்துவந்து அதற்கு வயிறு முட்டக் கொடுப்பேன். ஆறு மணிக்கு அப்பா பாட்டிலோடு வரும்போது அது எதையும் ஏறெடுத்துப் பார்க்காது.

"இன்னா, திங்க மாட்டேங்குது?"

"நேத்துலேர்ந்தே இப்படித்தாம்ப்பா" என்பேன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை விடவில்லை. "தின்ன ஆரம்பிக்கட்டும், அப்பால பாக்கலாம்" என்றார் அப்பா. தன்னோடு வேலை செய்பவர்களிடமெல்லாம் விசாரித்து வந்தார். ஒருவர் புழு கொடுக்கச் சொன்னாராம். இன்னொருவர் வெயிலில் வைக்கச் சொன்னாராம். அப்பா காலையில் வேலைக்குப் போகுமுன்பும் வர ஆரம்பித்தார். செம்பருத்தி டப்பாவை வெயில் விழும் பக்கம் நகர்த்தி வைப்பார். அவர் வாங்கிவந்த இட்லியை மூன்று பேருக்குமாக அம்மா பிரிப்பாள். என் வாழ்க்கையில் நான் சொன்ன எந்த உண்மைக்கும் இவ்வளவு பலன் கிடைத்ததில்லை.

அப்புறம் மழை பிடித்தது. ஐப்பசி மழை. பால்கனிக்கு மேலே ஷீட் போட்டிருந்ததால் செடிகள் நனையவில்லை. ஆனாலும் காற்றே ஈரமாக இருக்கிறது என்று, தினம் காலையில் இலைகளின்மேல் தண்ணீர் தெளிப்பதை அம்மா நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் நாலு வெட்டுக்கிளியோடு வந்தபோது பச்சோந்தி அவற்றைப் பார்க்கவேயில்லை. மறுநாளும் பார்க்கவில்லை. உடம்பு கறுத்து, மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. கோபுரம் மாதிரி நிமிர்ந்திருந்த கண்கள் உள்ளே போயிருந்தன. கிளையை விட்டுக் கீழே இறங்கி, டப்பா மண்ணை முன்கால்களால் பிறாண்டும். கொஞ்சம் தோண்டினால் டப்பாவின் அடி தட்டும். நிறுத்திவிட்டு இன்னொரு மூலைக்குப் போய் மறுபடி பிறாண்டும்.

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் என்னவென்று சொல்வது? ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை, சாப்பிடவில்லை என்று சொல்லிவந்தவள், இன்றைக்குத்தான் சாப்பிடவில்லை என்று எப்படிச் சொல்வது? இரண்டு நாள் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் ஸ்கூலிலிருந்து வந்து பார்த்தபோது அது டப்பா மண்ணிலேயே தலையைச் சாய்த்துப் படுத்திருந்தது. அப்பா படியேறும் சத்தம் கேட்டதும் நான் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அப்பா மண்டியிட்டு உட்கார்ந்தார். "இன்னாத்துக்கு அப்படி பண்ண?"

"சரியாய்ட்டா நீ வர மாட்ட."

அம்மா சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் ஓடும் சத்தம் நின்றுவிட்டது. அப்பா என் கன்னத்தைத் துடைத்தார். "ஓர் உயிரு விஷயத்துல பொய் சொல்லக் கூடாது கண்ணு. அதுக்கு வாயில்ல. நாமதான அதுக்காகப் பேசணும். இனிமே சொல்லாத."

"சொல்ல மாட்டேன்" என்றேன். அதுபோல உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை.

நாய்களுக்கும் பூனைகளுக்கும் வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் அம்பத்தூரில் இருந்தார். அப்பாவின் பைக்கில் மூன்று பேரும் போனோம். முன்னால் நான், பின்னால் அம்மா. அம்மாவின் மடியில் ஒயர் கூடை. தொட மாட்டேன் என்று சொன்னவள், பள்ளம் வரும்போதெல்லாம் ஈரத்துண்டின்மேல் கையை வைத்து அணைத்துக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா துண்டை விலக்கிப் பார்த்ததும் முதலில் எங்களைத்தான் திட்டினார். "இது காட்டு உயிருங்க. வீட்டுல வைக்கறதே சட்டப்படி தப்பு. அடிபட்டா எங்களுக்கோ வனத்துறைக்கோ அன்னைக்கே சொல்லியிருக்கணும்." அப்பா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா அதன் வயிற்றை இரண்டு விரலால் மெல்லத் தடவினார். மறுபடியும் தடவினார். அவர் குரல் தணிந்தது.

"முட்டை இருக்கு. நிறைய. மண்ணைத் தோண்டுதா?"

"ஆமா" என்றேன் நான்.

"முட்டை வைக்க இடம் தேடுது. ஆழமான ஈர மண்ணு வேணும். டப்பாவுல எப்படி வைக்கும்? வைக்க முடியாம உள்ளேயே தங்கிட்டா செத்துப்போயிடும். தண்ணி எப்படிக் குடுத்தீங்க?"

கொட்டாங்குச்சியில் வைத்ததாக அப்பா சொன்னார்.

"தேங்கி நிக்கற தண்ணிய இது குடிக்காது. இலையில சொட்டு சொட்டா இருந்தா நக்கும். கண்ணு உள்ள போயிருக்கு பாருங்க, தண்ணி இல்லாம. ஆனா இத்தனை நாள் எப்படி இருந்ததுன்னுதான் தெரியல."

"நான் காலைல செடிக்குத் தெளிப்பேன்" என்றாள் அம்மா. "மழை வந்ததும்தான் நிறுத்தினேன்."

"அப்ப நீங்கதாம்மா இதைக் காப்பாத்தியிருக்கீங்க."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா ஊசி போட்டுக்கொண்டே, இதை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். அம்மாதான் சொன்னாள்: "நாங்க மூணு பேரும்."

இன்றைக்குத் தண்ணீர் கொடுங்கள், காலையில் புதரும் இளகின மண்ணும் இருக்கிற இடத்தில் விட்டுவிடுங்கள் என்றார் டாக்டரம்மா. எடுத்த இடத்திலேயே விட்டால் நல்லது என்றார். எடுத்த இடத்தில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறது என்று அப்பா மெதுவாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் செம்பருத்திக் கிளையில் அதை ஏற்றிவிட்டோம். அப்பா கிளையைப் பிடித்துக்கொண்டார். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். அம்மா விரல்களைத் தண்ணீரில் நனைத்து, இலை நுனியில் ஒவ்வொரு சொட்டாக விட்டாள். முதலில் அது அசையவில்லை. சொட்டுகள் வழிந்து அம்மாவின் முழங்கை வரை நனைந்தது. பத்துப் பன்னிரண்டு சொட்டுக்குப் பிறகு வாய் கொஞ்சம் திறந்தது. ஒரு சொட்டு உள்ளே போனது. தொண்டை அசைந்தது. "குடிக்குது" என்று அம்மா மூச்சுவிடாமல் சொன்னாள். "குடிக்குது, பாருங்க, குடிக்குது." அப்பா பச்சோந்தியைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே ஒரு மணி நேரம் நின்றோம். யாருக்கும் கை வலிக்கவில்லை.

மறுநாள் காலை பின்னால் இருந்த காலி மனையில், புங்க மரத்தடியில் கொண்டுபோய் விட்டோம். அப்பா வேலைக்கு லீவு சொல்லிவிட்டார். அம்மாவும் போகவில்லை. தூரத்தில் ஒரு மதில் நிழலில் உட்கார்ந்து பார்த்தோம். பச்சோந்தி நாலைந்து இடத்தை முகர்ந்து பார்ப்பதுபோல் நடந்தது. பிறகு மழை நனைத்த மண்ணில் தோண்ட ஆரம்பித்தது. தோண்டிக்கொண்டே உள்ளே போய், வால் மட்டும் வெளியே தெரிந்தது. பின் திரும்பிக்கொண்டு, தலை மட்டும் தெரிய வெகுநேரம் அப்படியே இருந்தது. மத்தியானத்துக்குமேல் வெளியே வந்தபோது வயிறு ஒட்டிப்போய், பாதியாகியிருந்தது. அந்த உடம்போடு மண்ணைத் தள்ளித் தள்ளிக் குழியை மூடியது. பிறகு மரத்தில் ஏறியது. ஏற ஏறப் பச்சையானது. கடைசியில் எங்களால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்பா முள் வெட்டிவந்து, நாய் தோண்டாதபடி அந்த இடத்தைச் சுற்றிப் போட்டார். கையைத் தட்டிக்கொண்டு, "முடிஞ்சிது" என்றார்.

மூவரும் கேட்டுவரை வந்தோம். அப்பா பைக்கில் ஏறி உட்கார்ந்தும் கிளப்பவில்லை. அம்மா கேட்டின் கொண்டியைத் திறந்து மூடித் திறந்துகொண்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வாள் என்று நான் அவள் வாயையே பார்த்தேன்.

"ஹெல்மெட் மேலயே கீது" என்றாள்.

நான் ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன். அவ்வளவு வேகமாக ஓடியிருக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு பழையபடி ஞாயிற்றுக்கிழமை ஹாரன்தான். நடுவே ஒரு நாள் போன் செய்வார். நான் தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் புங்க மரத்தடிக்குப் போய், கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்ப்பேன். அம்மாவும் சில நாள் வேலையிலிருந்து வரும்போது அந்தப் பக்கமாகச் சுற்றி வருவாள். பச்சோந்தி ஒரு நாளும் கண்ணில் படவில்லை. மழை வலுத்து, மனை முழுக்க முழங்கால் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். மரம் மட்டும் இருந்தது.

கார்த்திகை பிறந்திருந்தது. ஒரு சாயங்காலம் அப்பாவின் போன் வந்தது. வழக்கமாக அப்பா பெயரைப் பார்த்ததும் அம்மா போனை என்னிடம் நீட்டிவிடுவாள். அன்று அவளே எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"நான்தான்" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "அது… இன்னிக்கிப் பாத்தேன். அந்தப் புங்க மரத்துலதான். ரொம்ப எளச்சிப்போய் கீது. கண்ணுகூட உள்ள போனாப்ல… எனக்குப் பயமா கீது. ஒரு தபா வந்து பாத்துட்டுப் போனா தேவல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அந்த மரத்தைக் கிளை கிளையாகப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அம்மா அன்று அந்தப் பக்கம் போகவே இல்லை. மழைக்குப் பயந்து, பஸ் ஸ்டாப்பிலிருந்து ஷேர் ஆட்டோவில் நேரே வாசலில் வந்து இறங்கியதை நானே மாடியிலிருந்து பார்த்தேன்.

"பொய்!" என்று கத்தினேன். போனுக்குள் கேட்கவேண்டும் என்றுதான் கத்தினேன். "அப்பா, அம்மா பொய் சொல்றாங்க! அது அங்க இல்லவே இல்ல! நான் இப்பத்தான் பாத்துட்டு வந்தேன்!"

அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "பாப்பா சொல்லுதே… நான்தான் சரியாப் பாக்கல போலக்கீது. ஓணானா இருக்கும்" என்று போனில் சொன்னாள். என் கையில் போனைக் கொடுத்துவிட்டு சமையலறைக்குள் போனாள்.

"அப்பா" என்றேன்.

அந்தப் பக்கம் வண்டிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. "நெஜமாவே இல்லியா கண்ணு?" என்றார் அப்பா.

"இல்லப்பா. நான் தெனமும் பாக்கறேன். நான் இப்பல்லாம் பொய்யே சொல்றதில்லப்பா."

"ம்" என்றார். வெகுநேரம் கழித்து, "நல்ல புள்ள" என்றார்.

போனை வைத்த பிறகு சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அடுப்பில் ஒன்றுமில்லை. ஓர் உயிர் விஷயத்தில் பொய் சொல்லக் கூடாது என்று அவளிடம் சொன்னேன், அப்பா சொன்ன அதே குரலில். அம்மா திரும்பாமலே தலையை ஆட்டினாள். பாவமாக இருந்தது. பரவாயில்லை, இனிமேல் சொல்லாதே என்று, அந்த ஒருமுறை அவளை மன்னித்துவிட்டு, வீட்டுப்பாடத்தை முடிக்கப் போனேன்.